கராம்பு எண்ணெயில் "கெமிக்கல்" இல்லையாம்!



இரண்டு மூன்று கிழமையாக எமது ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். பல் முளைக்கும் குழந்தைக்குக் கராம்பு எண்ணெயை முரசில் பூசுங்கள், அழுகை நிற்காவிட்டால் இரண்டு துளி வாய்க்குள் விடுங்கள், காய்ச்சலும் இறங்கிவிடும் என்று ஒரு சகோதரி சொல்கிறார். அவர் குரலில் நல்லெண்ணம்தான் இருக்கிறது. ஆனால் முடிவில் சொல்லும் வசனம்தான் எம்மை இதை எழுத வைத்தது: "பயப்படாதீங்க, இது இயற்கை. இதில ஒரு கெமிக்கலும் இல்ல."

இருக்கிறது. கராம்பு எண்ணெயில் பத்தில் ஏழு முதல் ஒன்பது பங்கு வரை ஒரே ஒரு கெமிக்கல்தான். அதன் பெயர் இயூஜினோல். கராம்பின் மணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். அதை எடுத்துவிட்டால் மீதமிருப்பது மரக்குச்சி மாதிரி ஒன்று.

விஞ்ஞானம் கற்பிக்கும் நாம் இந்த இடத்தில் பேசாமல் இருப்பது சரியில்லை. பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் போகும். சிறு குழந்தை உள்ள வீட்டார் மட்டுமாவது முழுவதையும் வாசியுங்கள்.

முதலில் கராம்பு என்றால் என்ன என்பதிலிருந்து வருவோம். எமது தோட்டங்களில் கராம்பு மரம் இருக்கிறது, ஏணி வைத்துப் பறித்திருக்கிறோம், முற்றத்தில் பாய் விரித்துக் காய வைத்திருக்கிறோம். ஆனாலும் அது காயா, விதையா, பூவா என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் காய் என்றுதான் சொல்வார்கள். அது விரியாத பூமொட்டு. இளஞ்சிவப்பாக வரும்போதே பறித்துவிட வேண்டும், பூத்துவிட்டால் விலை போகாது. உலர்ந்த மொட்டின் நிறையில் ஏறத்தாழ 15 வீதம் எண்ணெய். ஒரு தாவரப் பொருளுக்குள் இவ்வளவு நறுமண எண்ணெய் இருப்பது அபூர்வம். நகத்தால் மொட்டின் காம்பை அழுத்திப் பாருங்கள், நல்ல கராம்பென்றால் எண்ணெய் கசிவது கண்ணுக்கே தெரியும்.

கராம்பின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். அங்கிருந்து அது எமது நாட்டுக்கு வந்த கதை ஒல்லாந்தர் காலத்துக்கும் மிக முந்தியது. மன்னார் மாவட்டத்தின் பழைய மாந்தைத் துறைமுகத்தில் நடந்த அகழ்வில் நெல், மிளகு இவற்றோடு ஒரேயொரு கராம்பும் கிடைத்தது. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். அரபு வணிகர்கள் இந்தக் கரைகளில் வந்து போன காலம் அது. அரபியில் கராம்புக்கு "கரன்ஃபுல்" என்று பெயர். எமது வாயில் இருக்கும் "கராம்பு" என்ற சொல்லை அதற்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

சரி, இயூஜினோலுக்கு வருவோம். ஒரு மூலக்கூறில் 10 காபன் அணுக்கள், 12 ஐதரசன், 2 ஒட்சிசன். நிறமற்றது அல்லது இலேசான மஞ்சள் நிறம், காற்றுப் பட்டால் நாளடைவில் பழுப்பாகும். ஏறத்தாழ 254 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். நீரில் மிகக் கொஞ்சமே கரையும், அற்ககோலில் நன்றாகக் கரையும். இன்னொரு விடயம் பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும். எண்ணெய் என்றாலே நீரில் மிதக்கும் என்று படித்திருக்கிறார்கள். கராம்பு எண்ணெய் நீரில் அமிழும், ஏனென்றால் அது நீரை விடச் சற்று அடர்த்தி கூடியது. தேங்காயெண்ணெயும் இதுவும் இரசாயன ரீதியில் உறவே இல்லாதவை. "எண்ணெய்" என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் இருப்பதால், "தேங்காயெண்ணெய் மாதிரித்தானே, கொஞ்சம் வாய்க்குள் போனால் என்ன" என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அந்த நினைப்புத்தான் ஆபத்து.

254 பாகையில் கொதிக்கும் ஒன்றை நேரடியாகச் சூடாக்கினால் மொட்டும் கருகும், மணமும் கெடும். அதனால்தான் கொதிநீராவியைச் செலுத்தி எடுக்கிறார்கள். நீராவியோடு சேர்ந்து நீரின் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகி வந்துவிடும், குளிரவைத்தால் நீர் வேறு எண்ணெய் வேறாகப் பிரியும். சாதாரண தரப் பிள்ளைகள் கலவைகள் பாடத்தில் படிக்கும் அதே கொதிநீராவி வடிப்புத்தான். தெற்கில் காலி, மாத்தறைப் பக்கம் கறுவா இலையிலிருந்து எண்ணெய் வடிக்கும் இடங்களிலும் இதுவே நடக்கிறது.

கறுவாவைச் சொன்னதும் ஒரு விடயம். கறுவா இலை எண்ணெயிலும் பெரும்பங்கு இதே இயூஜினோல்தான். இலையைக் கசக்கி முகர்ந்தால் கறுவா மணம் வராது, கராம்பு மணம்தான் வரும். பட்டையின் மணம் வேறொரு சேர்வையால் வருவது. வேர்ப்பட்டையை வடித்தால் கற்பூரம். ஒரே மரம், மூன்று மணம். எமது நாட்டில் இருந்து கறுவா இலை எண்ணெய் வெளிநாடுகளுக்குப் போவது பெரும்பாலும் அந்த இயூஜினோலுக்காகத்தான். சவர்க்காரம், வாசனைத் திரவியம், பல் மருத்துவம் எல்லாவற்றிலும் சேர்கிறது. ஒரு காலத்தில் வெனிலா மணத்தைச் செயற்கையாகச் செய்ததும் இயூஜினோலிலிருந்துதான்.

கராம்பு மொட்டிலிருந்து வந்த இயூஜினோலும், கறுவா இலையிலிருந்து வந்ததும், ஆய்வுகூடத்தில் தயாரித்ததும் ஒரே மூலக்கூறு. ஈரலுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தோட்டத்தில் இருந்து வந்தது என்பதற்காக ஈரல் சலுகை தரப்போவதுமில்லை. "கெமிக்கல்" என்ற சொல்லை ஒரு ஏச்சுப் போலவும் "இயற்கை" என்ற சொல்லை ஒரு ஹலால் முத்திரை போலவும் பாவிப்பதை நாம் நிறுத்த வேண்டும். தண்ணீரும் கெமிக்கல்தான். பாம்பின் விஷம் இயற்கைதான்.

இனி பல்வலி. கராம்பு பல்வலிக்குக் கேட்கும் என்று மூத்தம்மா சொன்னது பொய்யா? இல்லை. முழு உண்மை. இயூஜினோல் பட்டவுடன் முதலில் ஒரு எரிவு வருமல்லவா? மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு வாயில்களை அது தட்டுவதால் வருகிறது. பிறகு அந்த இடம் விறைக்கும். நரம்பு வழியாக வலிச் செய்தி போவதற்குச் சோடியம் அயன்கள் உள்ளே நுழைய வேண்டும். அந்தப் பாதையை இயூஜினோல் அடைக்கிறது. செய்தி மூளைக்குப் போகாது, வலி தெரியாது. கிருமிகளையும் ஓரளவு கொல்லும். பல் வைத்தியர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக நாக ஒட்சைட்டுத் தூளையும் இயூஜினோலையும் குழைத்துத் தற்காலிக நிரப்பலாக வைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து சில நிமிடத்தில் இறுகிவிடும். பல் ஆஸ்பத்திரிக்கென்று ஒரு மணம் உண்டே, சின்ன வயதில் எம்மை வாசலிலேயே அழ வைத்த மணம், அது இதுதான். இப்போது அந்த மணம் குறைந்துவிட்டது. புதிய வகைப் பல் நிறப் பசைகள் இறுகுவதை இயூஜினோல் கெடுத்துவிடும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் வலி நிற்பதும் வருத்தம் மாறுவதும் ஒன்றல்ல. எமது ஊரில் நடக்கும் பெரிய பிழை இங்கேதான் இருக்கிறது. குரல் பதிவு வருவதற்கு மிகவும் முந்திய பிழை இது.

பிள்ளைக்குச் சூத்தைப் பல். இரவில் அழுகிறான். உம்மா ஒரு கராம்பை நசுக்கி வைக்கிறார், அல்லது பஞ்சில் எண்ணெயைத் தொட்டு வைக்கிறார். வலி நிற்கிறது. அடுத்த கிழமை மறுபடி. மறுபடி கராம்பு. ஒரு மாதத்தில் வலி ஒரேயடியாக நின்றுவிடுகிறது. "அல்ஹம்துலில்லாஹ், கராம்பிலேயே சுகமாகிவிட்டது" என்று சந்தோஷம். உள்ளே நடந்தது என்ன? சூத்தை ஆழமாகப் போய், பல்லுக்குள் இருக்கும் நரம்பும் இரத்தக் குழாயும் செத்துவிட்டன. செத்த நரம்புக்கு வலிக்காது. கிருமி அங்கே நின்றுவிடாமல் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் போகும். சில காலம் கழித்துக் கன்னம் வீங்கி, காய்ச்சலோடு பிள்ளை வகுப்பில் மேசையில் தலையை வைத்துப் படுத்திருக்கும். சீழ் கட்டிய பிறகு கராம்பு ஒன்றும் செய்யாது. பல்லைக் கழற்றுவதே மிச்சம்.

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். வாயைத் திறந்து சிரிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கறுத்த பல் என்று. "பால் பல்தானே, விழத்தானே போகிறது" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். கடைவாய்ப் பால் பற்கள் 10, 11 வயது வரை இருக்க வேண்டியவை. அவை நேரத்தோடு போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சரிந்து, அடியில் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போகும். வலியோடு இருக்கும் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடாது, இரவில் தூங்காது, காலையில் எழுத்து ஏறாது. "கவனமில்லாத பிள்ளை" என்று நாம் அறிக்கையில் எழுதும் சில பிள்ளைகளுக்குப் பல்தான் பிரச்சினை.

இத்தனைக்கும் எமது நாட்டில் பாடசாலைப் பற்சிகிச்சை சேவை என்று ஒன்று இருக்கிறது. 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்கு, பயிற்றப்பட்ட பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள், ஒரு சதமும் வாங்காமல் பல் அடைத்துத் தருகிறார்கள். ஆசியாவில் பல நாடுகளுக்கு இல்லாத வசதி. ஒரு பல் சூத்தை ஆரம்பிக்கும்போதே அடைத்தால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. அங்கு போகாமல் கராம்புப் போத்தலை வைத்துக்கொண்டு காலம் கடத்துவது ஏன் என்று எமக்கு விளங்கவே இல்லை. பயமா, நேரமில்லையா, "இலவசம் என்றால் சரியில்லை" என்ற நினைப்பா? மிஸ்வாக்கின் சிறப்பை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வரும் சமூகம் நாம். பல் சுத்தம் எமக்குப் புதிதாகச் சொல்லித் தரவேண்டிய ஒன்றல்ல.

ஆகவே பல்வலிக்குக் கராம்பு என்பதை நாம் இப்படி வைத்துக்கொள்வோம்: விவரம் தெரிந்த பிள்ளைக்கோ பெரியவருக்கோ, இரவு பதினொரு மணிக்கு வலி வந்தால், விடியும் வரை தாக்குப்பிடிக்க ஒரு முழுக் கராம்பைப் பல்லில் கடித்து வைத்திருப்பது. விடிந்ததும் வைத்தியரிடம். அவ்வளவுதான் அதன் இடம். எண்ணெயை நேரடியாக முரசில் ஊற்றினால் தோல் உரிந்து புண்ணாகும், வைத்தியர்கள் அடிக்கடி காணும் விடயம் அது.

இனிக் குழந்தைகள். கணக்குப் போட்டே பார்ப்போம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

பத்துக் கராம்பு ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு கராம்புக்குள் இருக்கும் எண்ணெய் ஏறத்தாழ 15 மில்லிகிராம். பாமசியில் விற்கும் சிறிய போத்தல் 5 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 5 கிராமுக்குச் சற்று மேல் எண்ணெய். வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 350 கராம்பு! ஒரு கலியாணச் சகனுக்கே நாம் பத்துப் பதினைந்துக்கு மேல் போடுவதில்லை, அதையும் சாப்பிடும்போது எடுத்து ஓரத்தில் வைத்துவிடுகிறோம். இங்கே 350 கராம்பின் சாரம் ஒரு பெரியவரின் கட்டைவிரல் அளவுக் கண்ணாடிப் போத்தலில், கட்டில் தலைமாட்டில், தவழும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.

இன்னொரு கணக்கு. உணவோடு வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் பாதிப்பில்லை என்று உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு இயூஜினோலுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு, உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.5 மில்லிகிராம். 8 கிலோ குழந்தைக்கு 20 மில்லிகிராம். துளிகுழாயில் விழும் ஒரு துளி எண்ணெயில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் இயூஜினோல் இருக்கும். குரல் பதிவில் சொன்ன இரண்டு துளி, அந்த அளவின் நான்கு மடங்கு. இதனால் இரண்டு துளி விட்டவுடன் பிள்ளைக்கு ஆபத்து என்று நாம் சொல்லவில்லை. அந்த அளவு தினசரிக் கணக்குக்கு வைத்தது, விஷத்தின் எல்லை அல்ல. ஆனால் அழுகை நிற்காத இரவில் இரண்டு துளி நாலாகும், ஒரு நாள் மூன்று நாளாகும், கை தவறினால் போத்தலே வாய்க்குள் கொட்டும். பாதுகாப்புக்கு இடைவெளியே இல்லாத இடத்தில் விளையாடுகிறோம்.

போத்தல் முழுதாக உள்ளே போனால் என்ன நடக்கும் என்பது வைத்திய உலகில் எழுதப்பட்டிருக்கிறது. 1993இல் பிரித்தானியாவின் சிறுவர் மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வந்த அறிக்கை: இரண்டு வயது ஆண் குழந்தை 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை கராம்பு எண்ணெய் குடித்துவிட்டது. நினைவிழந்து, வலிப்பு வந்து, இரத்தம் உறையும் தன்மை கெட்டு, ஈரல் பாதிக்கப்பட்டது. தீவிர சிகிச்சையில் வைத்துக் காப்பாற்றினார்கள். 2005இல் இன்னொன்று: 15 மாதக் குழந்தை, 10 மில்லிலீற்றர், ஈரல் செயலிழக்கும் நிலை. அளவுக்கு மிஞ்சிப் பெனடோல் குடித்தவர்களுக்குக் கொடுக்கும் அதே மாற்று மருந்தைக் கொடுத்தார்கள், பிழைத்தது. காரணம், இரண்டும் ஈரலைத் தாக்கும் வழி ஏறத்தாழ ஒன்றே. பெரிய அளவில் வரும்போது ஈரலில் இருக்கும் பாதுகாப்புப் பொருள் தீர்ந்துபோகும், பிறகு ஈரல் கலங்களே இரையாகும்.

இரண்டு பிள்ளைகளும் பெரிய ஆஸ்பத்திரி வசதிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். எமது மலைப் பாதையில் இரவில் ஒரு முச்சக்கர வண்டி தேடி இறங்க எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்படி ஒன்று நடந்துவிட்டால்: வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் மூச்சுக் குழாய்க்குள் போனால் நுரையீரலும் கெடும். பால் கொடுத்து, ஓதி ஊதிவிட்டு விடியும் வரை பார்ப்போம் என்று இருக்கவும் கூடாது. ஓதுங்கள், ஆனால் 1990க்கு அழைத்துவிட்டு ஓதுங்கள். போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வைத்தியர் பார்க்க வேண்டும்.

பதிவில் சொன்ன காய்ச்சல் விடயமும் எம்மைப் பயமுறுத்தியது. பல் முளைக்கும்போது எச்சில் வடியும், முரசு ஊறும், பிள்ளை எதையாவது கடிக்கத் தேடும், உடம்பு இலேசாகச் சூடாகலாம். கடும் காய்ச்சல் பல்லால் வராது. மழைக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் டெங்கு வரும் நாடு இது. "பல்லுக் காய்ச்சல்" என்று சொல்லி இரண்டு நாள் வீட்டில் வைத்திருப்பது என்ன விளையாட்டு? முரசு ஊறலுக்குச் சுத்தமான விரலால் தடவிவிடுங்கள், சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து கடிக்கக் கொடுங்கள். அது போதும்.

சிலர் கேட்பார்கள், அப்படியென்றால் கராம்பே கூடாதா என்று. கூடும். புரியாணியில், இறைச்சிக் கறியில், வட்டிலப்பத்தில், இஞ்சி பிளேன்ரீயில் போடுங்கள். அதில் இருக்கும் அளவு உடம்புக்கு ஒன்றுமில்லை. "கராம்புத் தண்ணீர் குடித்தால் சீனி வருத்தம் போய்விடும், குளிசையை நிறுத்தலாம்" என்று வரும் செய்திகளை மட்டும் நிறுத்துங்கள். சீனி வருத்தக்காரர் குளிசையை விட்டால் யாருக்கு என்ன ஆகும் என்பதை எமது மையவாடிக்கு ஜனாஸாவோடு போனவர்கள் அறிவார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் கராம்பு எண்ணெயை மருந்தாகக் குடிப்பதும் ஆபத்து, இயூஜினோலுக்கும் இரத்தம் உறைவதைக் குறைக்கும் குணம் உண்டு.

இந்த மூலக்கூறு எவ்வளவு வலுவானது என்பதற்கு மருந்துக்கு வெளியே இரண்டு உதாரணம். மீன் ஆராய்ச்சி செய்பவர்கள் மீனை நிறுத்துப் பார்க்க, அடையாளமிட, தொட்டி நீரில் மிகச் சிறிதளவு கராம்பு எண்ணெயைக் கலந்து மயக்குவார்கள். சில நிமிடத்தில் மீன் பக்கவாட்டில் சரிந்துவிடும், நல்ல நீரில் விட்டால் தெளியும். மற்றது மாந்தோட்டங்களில் தொங்கும் போத்தல் பொறிகள். அதற்குள் வைப்பது மெதைல் இயூஜினோல், இயூஜினோலில் ஒரு சிறு மாற்றம் செய்த தம்பி. ஆண் பழ ஈக்கள் தூரத்திலிருந்தே அந்த மணத்துக்கு ஓடி வந்து விழும். ஆண் ஈ இல்லையென்றால் முட்டைக்கு வழியில்லை, மாம்பழத்தில் புழு குறையும். மீனை மயக்கும், ஈயை இழுக்கும் ஒரு பொருளை, "ஒன்றும் செய்யாது, இயற்கைதானே" என்று எட்டு மாதப் பிள்ளையின் வாயில் விடச் சொல்கிறார்கள்.

ஒரு வியாபார விடயமும் சொல்லிவிட்டுப் போகிறோம், எமது ஊரில் பலசரக்கு வியாபாரிகள் அதிகம் என்பதால். எண்ணெயை வடித்தெடுத்துவிட்டுச் சக்கை மொட்டைக் காய வைத்து நல்ல கராம்போடு கலப்பது உலகச் சந்தையில் பழைய மோசடி. கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கண்ணாடிக் குவளை நீரில் போடுங்கள். எண்ணெய் உள்ள கராம்பு அமிழும், அல்லது தலை மேலே நிற்க நேராக மிதக்கும். சக்கை, நீரில் படுத்து மிதக்கும். வாங்குபவர்களுக்கு இது தெரிந்துவிட்டது என்று கடைக்காரருக்குத் தெரிந்தாலே பாதிக் கலப்படம் நிற்கும். நிறுவையைப் பற்றி எமக்குச் சொல்லப்பட்டிருப்பதை வியாபாரிகளுக்கு நாம் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் எமக்கு அடிக்கடி சொன்ன ஒன்று, பிள்ளையின் வீட்டு அடுப்படியில் இருந்து பாடத்தை ஆரம்பி என்பது. கராம்பு அதற்கு நல்ல பொருள். தரம் 8, 9 பிள்ளைகளுக்கு முகரச் சொல்லலாம், நீரில் இடச் சொல்லலாம், துளியின் கணக்கைப் போடச் சொல்லலாம். பரீட்சைக்கு "இயூஜினோல்" என்ற பெயரை மனனம் செய்த பிள்ளைக்கு அது தன் வீட்டு அலுமாரியில் இருக்கும் போத்தல்தான் என்று தெரியாமல் போனால் அந்தப் படிப்பு வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. தெரிந்த பிள்ளை, தம்பியின் வாயில் துளி விடப்போகும் சாச்சியின் கையைப் பிடித்து நிறுத்தும்.

குரல் பதிவை அனுப்பிய சகோதரி யார் என்று தேடிப் பின்னூட்டத்தில் யாரும் ஏச வேண்டாம். அவரும் எங்கோ கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறார், தன் பிள்ளைக்கும் அதையே செய்திருக்கக் கூடும். அதனால் அவருக்கும் இது போய்ச் சேர வேண்டும். பதிவு எந்தெந்தக் குழுமத்தில் வந்ததோ அங்கெல்லாம் இதைப் போடுங்கள். நீளம் என்று நினைத்தால் துளிக் கணக்கு உள்ள பந்தியை மட்டும் வெட்டிப் போடுங்கள்.

வீட்டில் கராம்பு எண்ணெய் இருந்தால் இன்றைக்கே மேல் தட்டுக்கு ஏற்றி, மூடியை இறுக்கி வையுங்கள். கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டும் ஒரே அளவு.

எமது பாடசாலைப் பெற்றோருக்கு: சூத்தைப் பல் உள்ள பிள்ளைகளின் பெயரை இந்தக் கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஒன்றாகச் சேர்த்துப் பற்சிகிச்சை நிலையத்தில் நாள் எடுக்கலாம் என்று ஆசிரியர்கள் பேசியிருக்கிறோம். தரம் 1, 2 பிள்ளைகளை முதலில் அனுப்புவோம். தனியே அழைத்துப் போக முடியாத உம்மாமார், வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகள், கூச்சப்படாமல் சொல்லுங்கள், கூட வர ஆசிரியைகள் இருவர் இருக்கிறார்கள்.